மிராசுதார் வாரத்தின் பின்பாதியை ஓட்ட அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
மு. பஞ்சநதம்,
மேலத்தெரு, நெய்விளாகம்,
குத்தாலம் வழி, தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்.

பொருள்: நெய்விளாகம் டூரிங் டாக்கீஸ் – ‘மிராசுதார் வாரம்’ – கடைசிப் படம் இடைவேளையோடு நிறுத்தப்பட்டது – மீதியை ஓட்ட அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி கொட்டகையை உடனே மூடக் கோரி நான் 19.1.1972 அன்று கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட மனுவை எழுதியவனும் நான்தான், இதை எழுதுகிறவனும் நான்தான். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரமப்பட வேண்டாம். அப்போதும் எனக்குப் புத்தி சுவாதீனமாகவே இருந்தது, இப்போதும் இருக்கிறது. நடுவில் நடந்தவற்றைத் தங்கள் சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. எங்கள் ஊர் அரசப்பன், மதராசில் அச்சாபீசில் வேலை பார்த்தபோது ஏதோ சினிமா சங்கத்தில் சேர்ந்து, பாஷை தெரியாத படங்களாகப் பார்த்துக் கெட்டுப்போனவர். திரும்பி வந்து இந்தக் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தார். புதுப்படம் எடுக்க வசதி கிடையாது. ஆகவே பழைய படங்களைப் பொருள்வாரியாகச் சேர்த்து வாரம் வாரமாக ஓட்டுகிறார். இரட்டைப் பிறவி வாரம், கண்பார்வை திரும்பும் வாரம், மாமியார் வாரம் என்று போர்டு எழுதி வைப்பார். படம் முடிந்ததும் ஜனங்களை வீட்டுக்கு விடுகிறாரா என்றால் அதுவும் இல்லை. விளக்கைப் போட்டுவிட்டு, பார்த்ததைப் பற்றி எழுந்து பேசுங்கள் என்கிறார். மாமியார் வாரம் முடிந்தபோது எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் தனி உலை வைத்தார்கள். அப்போது நான் மனு ஏதும் கொடுக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

2. சம்பா அறுப்புக்கு நிற்கும் இந்தத் தை மாதத்தில், இவ்வூர் மிராசுதாரான எனக்கும் அறுப்பு ஆட்களுக்கும் கூலித் தகராறு தீராமல் இருக்கும் வேளையில், ‘மிராசுதார் வாரம்’ என்று போர்டு வைத்தார். ஆறு நாள், ஆறு படம். ஆறிலும் மிராசுதாருக்கு மீசை, சவுக்கு, ஊஞ்சல் மூன்றும் உண்டு. எனக்கு மீசை உண்டு. அது குடும்ப வழக்கம். சவுக்கு கிடையாது. ஊஞ்சல் இருந்தது. முதல் படம் ஓடிய மறுநாளே அதைக் கழற்றிக் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அதற்கும் ஒரு பேச்சு வந்தது: ஊஞ்சலைக் கழற்றுகிறாரே, நெஞ்சில் ஏதோ இருக்கிறது என்று. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், பார்வையில் கண்ட மனுவைக் கொடுத்தேன்.

3. நான் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. கொட்டகை என் தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. தேங்காய்க் களவைத் தடுக்க மாலையில் அங்கே நாற்காலி போட்டு உட்காருவேன். வசனம் தானாகக் காதில் விழுந்தது. நான்காம் நாள் என் கண்ணில் நீர் வந்தது உண்மை, அது ஜலதோஷம்.

4. அறுப்புக்கு ஆள் கூட்டி வரும் தங்கம்மாள்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் தலைவி. முன்பெல்லாம் ‘அவள்’ என்றே சொல்லிப் பழக்கம். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன், காலம் அப்படி. நான்காம் நாள் படம் முடிந்ததும் அவர் எழுந்து ஒரு கருத்துச் சொன்னார். எல்லாப் படத்திலும் மிராசுதார் இரண்டு தடவை திருந்துகிறார், இடைவேளைக்கு முன்னால் திருந்துவது வேஷம், கடைசியில் திருந்துவதுதான் நிஜம் என்றார். மதராசில் படித்தவர்களுக்கே இது புலப்படவில்லை என்று அரசப்பன் பூரித்துப்போனார். கொட்டகையே கை தட்டியது. அதில் என் மனைவி மங்களாம்பிகையின் வளையல் சத்தமும் இருந்தது. தோப்பிலிருந்தே அடையாளம் தெரிந்தது.

5. ஆறாம் படம் சனிக்கிழமை. அதில் மிராசுதார் ஜனங்களைக் கும்பிட்டு, கேட்ட கூலியைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அவர்கள் நம்பிப் போனதும், கூலி நெல்லைக் குறைத்து அளக்க அடியில் கட்டை வைத்த மரக்காலை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு இடி இடியென்று சிரிக்கிறாராம். இடைவேளை. அந்த நேரம் பார்த்து வருவாய் ஆய்வாளர் என் மனுவோடு ஜீப்பில் வந்து இறங்கி, விசாரணை முடியும்வரை ஓட்டக் கூடாது என்று மெஷினுக்குச் சீல் வைத்தார். அவர்மீது குற்றம் சொல்ல மாட்டேன். மனுவில் எழுதியபடிதான் செய்தார்.

6. மறுநாள் காலை வேதாரண்யத்திலிருந்து வந்தவர்கள், கடல் பக்கம் மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது என்றார்கள். வயலைப் போய்ப் பார்த்தேன். கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு நாள் மழை பிடித்தால் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். வீம்பை விட்டேன். சர்க்கார் நிர்ணயித்த கூலியையே தருவது என்று முடிவு செய்து, களத்தில் ஆட்களைக் கூட்டிச் சொன்னேன். என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன்.

7. தங்கம்மாள்தான் சொன்னார், மரியாதையாகவே சொன்னார்: “அய்யா, நேத்து அவரும் இப்படித்தாங்க கும்புட்டாரு. மிச்சத்தையும் பாத்துட்டு வந்து அறுக்கிறோங்க.”

8. என் மரக்காலைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினேன். ஒவ்வொருவராக அடியைத் தட்டிப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தப் படத்திலும் முதலில் காட்டியது நல்ல மரக்கால்தானாம். வெறுத்துப்போய் லேசாகச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அதற்கு வெள்ளைத்தாளும் ஸ்டாம்பும் செலவழித்திருக்கிறேன்.

9. கதையின் முடிவை ஜனங்களுக்குச் சொல்லிவிடும்படி அரசப்பனிடம் நேரில் போய்க் கேட்டேன். படத்தைப் பார்க்க வேண்டும், சொல்லக் கூடாது, அது கலைக்குச் செய்யும் துரோகம் என்றார். என் காதில் மட்டுமாவது சொல்லப்பா என்றேன். அதற்கும் மறுத்துவிட்டார். போகிற போக்கில், மிராசுதார் கடைசிவரை திருந்தாமலே முடிகிற படமும் உண்டு, மதராசில் அதைத்தான் உயர்ந்த படம் என்பார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மங்களாம்பிகையோ, “ஏங்க, அந்த மனுசன் திருந்துவாரா மாட்டாரா?” என்று என்னையே கேட்கிறாள். எந்த மனுஷனைக் கேட்கிறாள் என்று நான் விசாரிக்கவில்லை.

10. படப்பெட்டியை வியாழக்கிழமை பஸ்ஸில் கும்பகோணத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அது போய்விட்டால் முடிவை யாரும் பார்க்க முடியாது, என் நெல்லை யாரும் அறுக்கவும் மாட்டார்கள். ஆகவே என் முந்தைய மனுவைத் தள்ளுபடி செய்து, சீலை உடைத்து, புதன்கிழமை மாலை பின்பாதியை மட்டுமாவது ஓட்ட உத்தரவிட வேண்டுகிறேன். தாங்களும் அன்று வந்து முன்வரிசையில் அமர்ந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். தோப்பிலிருந்து கேட்பது போதாது. இந்த முறை நானும் டிக்கெட் வாங்கி உள்ளே, எல்லோரும் பார்க்கும்படி உட்காரப் போகிறேன்.

11. அந்த மிராசுதார் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் திருந்தாவிட்டாலும் நான் சொன்ன கூலியைக் கொடுத்துவிடுவேன். ஆனால் அவர் திருந்தினால்தான் இவர்கள் அதை என்னிடம் வாங்குவார்கள், ஐயா.

மழை முந்துமுன் தங்கள் உத்தரவு முந்த வேண்டுமென்று கைகூப்பி, உண்மையாகவே கைகூப்பி, வேண்டும்,

இடம்: நெய்விளாகம்
நாள்: 24.1.1972

(ஒப்பம்) மு. பஞ்சநதம்