முதலில் வந்த விடைத்தாள்

டீச்சர்,

அன்றைக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் இருந்தவர்கள்: நீங்கள், பள்ளி அதிபர் ராஜமாணிக்கம் சார், பக்கத்துக் காம்பரா வீட்டு மரகதம், அவள் மகன் தினேஷ், என் பேத்தி கௌசல்யா, நான். அவ்வளவுதான். நானும் அங்கே நின்றேன் என்று வேறு யாராவது இப்போது சொன்னால் அது பொய்.

இன்று காலையில் அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்த துணிகளை எடுத்தேன். மழை விட்டபாடில்லை. காய்ந்த துணியிலும் புகை வாடை. அதை மோந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்புப் பேனாவில் வட்டம் போட நீங்கள் இல்லை.

கொரோனாவில் பள்ளியை மூடி, பாடத்தை போனுக்குள் போட்டீர்களே, அப்போதே எனக்குச் சந்தேகம். தாளைப் படம் பிடித்து அனுப்பினால் வாத்தியார் பார்ப்பாராம். பார்த்துவிட்டால் நீலக் கோடு விழுமாம். கோடு விழுந்தால் படித்தார் என்று ஆகிவிடுமா? தாளை எழுதிய கை எது என்று போனுக்குத் தெரியுமா?

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நல்ல போன் மரகதத்திடம் மட்டும்தான் இருந்தது. இங்கே ஒரு வீட்டு ஏணி எல்லா வீட்டுக்கும் ஏணி. ஒரு வீட்டு போனும் அப்படித்தான். இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கொடுத்த பொருளை என்ன செய்தாய் என்று கேட்கவும் கூடாது. பிள்ளைகள் விடையை எழுதி அவளிடம் கொடுப்பார்கள். அவள் மலையிலிருந்து தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, படம் பிடித்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏறிப் போய் அனுப்புவாள்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "என் பேத்தி தாள ஏன்டி ஒரு நாள் முழுக்க வச்சிருக்க?"

"தின்னுபுட்டேனா பெரியம்மா? சிக்னல் இல்ல, ரீலோடு போட்ட காசும் முடிஞ்சிருச்சு."

"ஒன் மகன் தாளுக்கு மட்டும் சிக்னல் இருந்துச்சாக்கும்?"

"ஹரி ஹரி, சரி விடுங்க, அடுத்த தடவ ஒங்க பேத்திய மொத ஆளா அனுப்புறேன், போதுமா?"

அந்தத் தவணைப் பரீட்சைப் புள்ளியை வைத்துத்தான் கஹவத்தை நகரத்துப் பள்ளியில் விஞ்ஞானம் படிக்க நம் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். கௌசல்யா அதற்காகவே எழுதினாள். கடைசியில் அவளுக்குச் சைபர். தினேஷின் தாளும் அவள் தாளும் வரிக்கு வரி ஒன்று, பிழைகூட ஒன்று. அவன் தாள் முதலில் வந்ததாம். அதனால் இவள்தான் பார்த்து எழுதினாளாம்.

உங்களையும் நான் சந்தேகப்பட்டேன், டீச்சர். மரகதம் வீட்டில் நீங்கள் தேத்தண்ணீர் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அதிபரைக் கூட்டிக்கொண்டு சேற்றில் நடந்து நீங்கள் மேலே பிரட்டுக்களத்துக்கு வந்தபோதும், ஏதோ கண்துடைப்பு என்றுதான் நினைத்தேன்.

அதிபர் கேட்கக் கேட்க கௌசல்யா வாய் திறக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேசவே மாட்டேங்குது. இதா எழுதுன புள்ள?" என்றார்.

"நீங்க இப்படிக் கேட்டா நானும் பேச மாட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அப்பாயி, நீங்க கேளுங்க. என்னைய நம்பாம பாக்குறீங்கல்ல, அதே மாதிரி இவளையும் நம்பாம கேளுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் கேட்டேன். தாளில் இருந்த கேள்வி, மழை நாளில் துணி ஏன் காய்வதில்லை என்பது.

"காத்துல ஏற்கெனவே தண்ணி நெறைஞ்சிருக்கு அப்பாயி."

"காத்துல ஏதுடி தண்ணி? என் கண்ணுக்குத் தெரியல."

"காலைல கஹவத்த பஸ்ஸு வருதுல்ல? ஆளு நெறைஞ்சிருந்தா நீங்க ஏற முடியுமா? துணில இருக்குற தண்ணிக்கும் அதே கததான். ஏற எடமில்ல."

"அப்ப அடுப்புக்கு மேல மட்டும் எப்படிக் காயுது? அங்கயும் அதே காத்துதானே?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "சூடானா எடம் கூடும் அப்பாயி. பெரிய பஸ்ஸு மாதிரி."

அதே கேள்விகளைத் தினேஷிடமும் கேட்டேன். "வளியில் ஈரப்பதன் அதிகம்" என்று தாளில் உள்ளபடி சொன்னான். அடுப்பைப் பற்றிக் கேட்டதும் அம்மாவைப் பார்த்தான். மரகதம் மழையைப் பார்த்தாள்.

"தாள் பேசாது சார், புள்ளதான் பேசணும்," என்றீர்கள். அந்த நிமிஷம் உங்கள்மேல் இருந்த சந்தேகத்தை நான் எடுத்துப் போட்டேன். வேறு யார்மேல் இருந்ததையும் அப்படி எடுத்ததில்லை.

அதிபர் குடையை விரித்தார். "புள்ளைக்குத் தெரியுதுதான், நான் இல்லங்கல. ஆனா போன்ல மொதல்ல வந்தது அவன் தாள். அதத்தான் மேல அனுப்பியிருக்கேன். இப்ப மாத்தினா என்னையத்தான் கேப்பாங்க."

நீங்கள் சண்டை போட்டீர்கள். இரத்தினபுரிக்கு பஸ் ஏறிப் போய்க் கல்விக் கந்தோர் வாசலில் நின்றீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. தினேஷ் நகரத்துக்குப் போனான். கௌசல்யா இங்கேயே கலைப்பாடம் படித்து, இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நீங்களோ காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை.

இப்போது பாதி நாள் பள்ளி, பாதிப் பாடம் போனில். சின்னப் பேரனின் தாளுக்கு நட்சத்திரம் வருகிறது, கைதட்டுகிற படம் வருகிறது. நான் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. "எனக்குச் சொல்லு. எப்படி? ஏன்?" என்று உட்கார்த்தி வைத்துக் கேட்கிறேன். அவன் எரிச்சல்படுகிறான், படட்டும். நீங்கள் என் கையில் கொடுத்துவிட்டுப் போன வேலை அது.

மரகதத்தோடு இன்னும் பேச்சில்லை. ஆனால் அவள் பெற்ற பிள்ளைக்காகத் திருடினாள். சாவதற்குள் ஒரு நாள் பேசிவிடுவேன். தினேஷ் சின்னப் பையன், அம்மா சொன்னதைச் செய்தான். கந்தோர்க்காரர்கள் என் பேத்தியைப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நின்று, காதால் கேட்டு, தெரியுதுதான் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு மலையிறங்கிப் போனது ஒரே ஆள். ராஜமாணிக்கம்.