பாலாடையில் பூத்த உப்பு

பாலாடையின் மூக்கில் உப்புப் பூத்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன், அப்பா.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து இன்றோடு ஐந்து நாள். பிள்ளைக்குச் சப்பத் தெரியவில்லை. வாயை வைக்கிறது, அழுகிறது, தூங்கிவிடுகிறது. பாலைப் பீய்ச்சி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் ஊட்டிப் பார்க்கும்படி நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் பால் ஊத்துனது பரண் மேல சில்வர் டப்பாக்குள்ள கெடக்கும். ஏறிப் பாரு புள்ள" என்றாள் அம்மா. ஏறினேன். பழைய துண்டுக்குள் அது இருந்தது. நீங்கள் இறந்த மறுவாரம் நானே சுற்றி வைத்ததுதான். கழுவித்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அதைத் தொடவே எனக்குக் கூசியது. ஒரு தண்ணீரில் அலசிச் சுருட்டி எறிந்திருப்பேன். ஏழு மாதத்தில் அதன் மூக்கில் வெள்ளையாக, பொரிபொரியாக உப்பு ஏறியிருந்தது.

துண்டோடு சேர்த்து அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மில்லுக்கு முதல் ஷிப்ட் கிளம்பிப் போனதும் நீங்கள் அதை எடுப்பீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து அதில் ஊற்றிக்கொண்டு, பாத்திரம் துலக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குந்துவீர்கள். தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, ஒரு மூக்கில் ஊற்றுவீர்கள். அடுத்த மூக்கு வழியாக ஒழுகும். முதலில் வெறும் தண்ணீர். பிறகு கொழகொழவென்று சளி. அதற்குள் சாம்பல் நிறத்தில் பஞ்சு. இருபது வருசம் தறியில் நின்றபோது உள்ளே போன பஞ்சு. "பாரு கண்ணு, எவ்வளவு வருதுன்னு வந்து பாரு" என்று என்னையும் கூப்பிடுவீர்கள், போர் போட்டுத் தண்ணீர் கண்டவர் போல. அதே இடத்தில் பத்து நிமிசம் கழித்து நான் பாத்திரம் துலக்க வேண்டும்.

"அது எனக்குப் பால் ஊத்துனதுங்கப்பா" என்று ஒருநாள் சொன்னேன். நான் வாயைத் திறந்து சொன்ன மிகச் சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

"உனக்கு உசுரு குடுத்துச்சு. எனக்கு மூச்சு குடுக்குது. ரெண்டும் ஒண்ணுதான் போ. அம்மாகிட்டச் சொல்லிப்போடாத."

சொல்லவில்லை. நான் எதைத்தான் யாரிடம் சொன்னேன்.

மூக்கைக் கழுவி முடித்ததும், கொல்லைப்புற அறையில் போர்வையை நான்காக மடித்துப் போட்டு உட்காருவீர்கள். அந்த அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு தறி ஓடும். ஓட்டுவது நான். இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும். ஒன்றைச் சரி செய்வதற்குள் இன்னொன்று நின்றுவிடும். நடுவில் காபி கொடுக்க உங்கள் அறைக்கு வருவேன். கண்ணைத் திறக்காமலே சொல்வீர்கள்: "மூக்குக்குக் கீழ, மேலொதட்டுக்கு மேல, அந்த ஒரு வெரல் அகல எடத்த மட்டும் பாரு கண்ணு. போறது போகட்டும், வாரது வரட்டும். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். என் தலைமுடி முழுக்கப் பஞ்சாக நிற்கும்போது அதைச் சொன்னீர்கள். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் வாய்க்குள் கசக்கிறது.

தொடக்கத்தில் எல்லோருக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. நெஞ்சு கெட்டுப்போயிருக்கிறது, பஞ்சுத் தூசியில் நிற்காதே என்று டாக்டர் சொன்ன பிறகு, யாரோ சொல்லி நீங்கள் அந்தப் பத்து நாள் வகுப்புக்குப் போனீர்கள். புத்தர் காட்டிய வழி, பத்து நாளும் பேசக் கூடாது, மூச்சை மட்டும் பார்க்க வேண்டும் என்றீர்கள். தறிச் சத்தத்தில் கத்திக் கத்தியே வளர்ந்த மனிதர், திரும்பி வந்தபோது மெதுவாகப் பேசினீர்கள். சாப்பாட்டுத் தட்டை விட்டெறியவில்லை. அம்மா பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்து, வியாழக்கிழமை தோறும் பீளமேட்டில் ஒரு சாமியின் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தீர்கள். அங்கே மூச்சை உள்ளே இழுக்கும்போது 'ஸோ', விடும்போது 'ஹம்'. அவனே நான் என்று அர்த்தமாம். பிறகு, அந்த நான் யார் என்று உள்ளே கேட்க வேண்டுமாம். புத்தரும் சாமியும் வேறு வேறு சொல்கிறார்களே என்று நான் மனதுக்குள் நினைத்தேன். உங்களுக்கு இரண்டும் சேர்ந்துவிட்டது, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

அம்மாதான் முதலில் அலுத்துக்கொண்டாள். "ஸோன்னு இழுத்தா சோறு வந்துருமா? உங்கப்பாரு கண்ண மூடிக்குவாரு, நாம கண்ணு முழிச்சுப் பாக்கோணும்" என்பாள். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. எதுவும் ஒட்டாத தட்டு மாதிரி இருக்கும்.

ஒன்பதாவது பரீட்சை முடிந்த லீவில்தான் என்னைத் தறியில் நிறுத்தினீர்கள். "கொஞ்ச நாளைக்குக் கண்ணு. டாக்டர் என்னை ஆகாதுன்னுட்டாரில்ல" என்றீர்கள். பள்ளிக்கூடம் திறந்தது. கொஞ்ச நாள் முடியவில்லை. ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன்: தறிச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அது ஓடும்போது யாரும் என்னோடு பேச முடியாது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணக்கு நோட்டை மட்டும் தறிக்கூடத்து ஜன்னலில் வைத்திருந்தேன். இயந்திர எண்ணெய் பட்டு அட்டை கறுத்துப்போனது.

ஆடி மாதத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் ஸ்கூட்டியில் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அறைக் கதவு திறந்திருந்தது. நீங்கள் நேர் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள்.

"அப்பா எப்ப அம்மணி கண்ணத் தொறப்பாரு?"

"தெரியலீங்க டீச்சர்."

"டென்த் மட்டுமாவது எழுதிரட்டும்னு கேக்கத்தான் வந்தேன். கணக்குல அத்தன நல்லா மார்க் வாங்குனவ நீ. நீயாச்சும் சொல்லு, உனக்கு வரோணும்னு இருக்குதா?"

நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்ல வாய் திறக்கவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். உங்கள் கண்ணிமை ஆடியது. ஒரு தரம் இல்லை, டீச்சர் பேசும்போதெல்லாம் ஆடியது. மேலுதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு டீச்சர், "தியானத்தக் கலைக்க வேண்டாம். எந்திரிச்சதும் சொல்லு அம்மணி, இன்னொரு நாள் வாரேன்" என்று எழுந்தார். வரவில்லை. ஸ்கூட்டி தெருமுனை திரும்பிய சத்தம் கேட்டதும் நீங்கள் கண்ணைத் திறந்து, "காபி இருக்குதா கண்ணு?" என்றீர்கள்.

அன்றைக்கிருந்து உங்கள் மூச்சுச் சத்தமே எனக்கு ஆகாமல் போனது. சளியைவிட, பஞ்சைவிட, அந்த மூடின கண்தான் அசிங்கமாக இருந்தது.

அப்புறமும் ஒரு வியாழக்கிழமை என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனீர்கள். கல்யாண மண்டபம். ஏசிக் குளிரில் கற்பூர வாசனையும் கழற்றிப் போட்ட சாக்ஸ் நாற்றமும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா ஏப்பம் விட்டு ஏப்பம் விட்டு மூச்சை உள்ளே தேடிக்கொண்டிருந்தார். குடும்பம், வேலை, கவலை எல்லாம் வந்து போகிற மேகம், நீதான் ஆகாயம் என்று மேடையில் இருந்தவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்களும் ஆட்டினீர்கள். அப்படியென்றால் நான் உங்களுக்கு மேகமா, அப்பா? நீங்கள் ஆகாயமாக உட்கார்ந்திருக்க, தறி ஓட்டுகிற மேகம்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நீங்கள் கவனித்துவிட்டீர்கள். "அருவருப்பா இருக்குதா? இருக்கட்டும். அதைத் தொரத்தாத. அப்ப மூச்சு எங்க நிக்குதுன்னு மட்டும் பாரு" என்றீர்கள். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் தெரிந்துவிட்டது. தொண்டைக் குழியில் நின்றது. உள்ளேயும் போகாமல், வெளியேயும் வராமல், ஒரு முடிச்சு மாதிரி. நம்மூர் கருமத்தம்பட்டியில் இறங்கும்வரை அங்கேயே நின்றது. உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது சரியாக இருந்ததுதான் அன்றைக்கு எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைசியாக நாம் பேசியது மாதாந்திர கரண்ட் நிறுத்த நாளில். அன்றைக்கு மட்டும் ஊரில் ஒரு தறியும் ஓடாது. அத்தனை தெருவும் திடீரென்று காது அடைத்த மாதிரி ஆகிவிடும். பழக்கத்தில் எல்லோரும் அப்போதும் கத்தித்தான் பேசுவார்கள். நான் தறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். உங்களால் அப்போது பத்தடிகூட நடக்க முடியாது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நூல் மூட்டை மேல் உட்கார்ந்தீர்கள்.

"அன்னைக்கு டீச்சர் வந்தப்ப நான் தியானத்துல இல்ல கண்ணு."

நான் எண்ணெய்க் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் தறிக்கே போகாதன்னு சொல்லல. மூக்குக்குத் துணி கட்டிட்டு அர நாளு நில்லுன்னுதான் சொன்னாரு. எனக்கு அந்தச் சத்தத்துக்குள்ள போகவே பயமா இருந்துச்சு. கண்ண மூடி உக்காந்தா ஆரும் கூப்புட மாட்டாங்கன்னுதான் மொதல்ல உக்காந்தேன். மூச்செல்லாம் அப்பறம் வந்தது. உள்ள பாரு, உள்ள பாருன்னாங்க. பாத்தேன். அங்க இதுதான் இருந்துச்சு. உன்னப் பள்ளிக்கொடத்துக்குப் போகாம நிறுத்துனது டாக்டரில்ல. நாந்தான்."

தறி ஓடியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

சொல்லி முடித்ததும் உங்கள் மூச்சு சீராக வந்தது. நான் பார்த்தேன். இழுப்பு இல்லை, இருமல் இல்லை. என்னுடையதுதான் அந்தத் தொண்டைக் குழியில் போய் நின்றுவிட்டது. நீங்கள் உள்ளே கிடந்ததை மூக்குக் கழுவுவது போலக் கழுவிவிட்டீர்கள். கல்லைத் தேய்க்க வேண்டியது வழக்கம் போல நான். "மன்னிச்சுக்கோ" என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பேசாமல் இருந்ததற்கு ஓர் அர்த்தமாவது இருந்திருக்கும். "காபி வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். இருபத்திரண்டு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். எல்லோரும் வந்து, கடைசியில் முகம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது பார் என்றார்கள்.

இன்றைக்கு நான் பரணிலிருந்து இறங்கியதும் அம்மா கையை நீட்டினாள். "குடு, சுடுதண்ணீல ஒரு அலசு அலசிப் பால ஊத்தலாம். பிள்ள பசியில காயுது."

நான் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இது வேண்டாங்மா. புதுசு வாங்கலாம்."

"ஏன், அதுக்கென்ன கேடு? நீ குடிச்சதுதான?"

டீச்சர் முன்னால் நின்ற மாதிரியே தரையைப் பார்த்து நின்றேன். தொண்டையில் அதே முடிச்சு. அக்கா மடியில் பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

"அப்பா இதுல மூக்குக் கழுவுனாருங்மா. தெனமும். ரெண்டு வருசம்."

அம்மாவுக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. விளங்கியதும், "ச்சீ! கருமம்!" என்று கையை முந்தானையில் துடைத்தாள், இன்னும் தொடவே இல்லை, அதற்குள். "எங்கூட்டுப் பாலாடையிலயா? நான் நேத்துக்கூட நெனச்சனே, எங்கம்மா ஊட்டுச் சீரு பத்தரமா இருக்குதுன்னு!" அக்காதான் முதலில் சிரித்தாள். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"அதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. இந்தா காசு, மருந்துக் கடையில ஒண்ணு வாங்கிட்டு ஓடியா" என்றாள்.

வாங்கி வந்தேன். பிள்ளை இரண்டு பாலாடை குடித்தது. மூன்றாவதைத் துப்பிவிட்டுத் தூங்கிவிட்டது. அதன் மேலுதட்டுக்கு மேல் ஒரு துளி பால் நின்று, மூச்சுக்கு மூச்சு நடுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த இமை ஆடியது ஆடியதுதான். டீச்சர் கேட்டபோது என் வாய் திறக்காததும் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது நான்கு தறியும், மூச்சு எங்கே நிற்கிறது என்று பார்க்கிற இந்த வேண்டாத பழக்கமும்தான். இரண்டையும் நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் மூக்கைச் சிந்தினால் எனக்கும் சாம்பல் நிறத்தில்தான் வருகிறது. நீங்கள் இருக்கும்போது, "நீயும் ஊத்திப் பாரு கண்ணு, பஞ்செல்லாம் வந்துரும்" என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பீர்கள். "ச்சீ" என்று எத்தனை தரம் மனதுக்குள் சொல்லி முகத்தைத் திருப்பியிருப்பேன்.

பழைய பாலாடை இன்னும் என் பாவாடை மடிப்பில்தான் இருந்தது. கொல்லைப்புறம் போனேன். அடுப்புச் சாம்பல் போட்டு, மூக்கிலிருந்த உப்பு போகும்வரை தேய்த்துக் கழுவினேன். தண்ணீரை வெதுவெதுப்பாக்கி ஒரு சிட்டிகைக் கல்லுப்பைக் கரைத்தேன். பாத்திரம் துலக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு ஊற்றினேன்.