மெலிந்தபோது கைதட்டினோம், மச்சாள்

என் அன்புக்கும் பகிடிக்கும் உரிய மச்சாள் தேவிக்கு,

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மொன்றியலுக்குப் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், உன் வீட்டில்தான் திவசம். ஐயர் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தார். குளிர்கால டயர் மாற்றப் போன இடத்தில் வரிசையாம். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு கிழமை சிரித்திருப்பாய்.

இதை உனக்குத் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்ன எதையும் தனியாகச் சொன்னதில்லையே. சபையில் செய்ததைச் சபையில்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீ என் மாமியின் மகள், என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். மச்சாளைப் பகிடி பண்ண மச்சானுக்கு உரிமை இருக்கிறது என்பது எங்கள் வழக்கம். அந்த உரிமையை நான் ஒரு நாளும் வீணாக்கவில்லை. மொன்றியலுக்கு வந்த முப்பது வருடங்களாக என் பகிடிக்கு ஒரே ஒரு பொருள்தான்: உன் உடம்பு.

ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காய் நிறுக்கிற தராசைக் காட்டி, “ஏறிப் பாரன் மச்சாள், தராசுக்கும் ஒரு அனுபவம்” என்றேன். கோயிலுக்குப் போகும்போது, “நடுவில இரு, கார் ஒரு பக்கம் சரியுது” என்றேன். “உன்ரை மண்டைக்குள்ள ஒண்டுமில்லை, அதுதான் உன்ரை பக்கம் எழும்புது” என்று நீ திருப்பித் தந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் ஆகக் கூடச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அனுமதிதானா, மச்சாள்? முப்பது வருடத்தில் ஒருதரமாவது நான் கேட்டிருக்கலாம்.

பழைய புலவர்கள் பெண்ணுக்கு இடையே இல்லை என்று பாடிப் பரிசு வாங்கினார்கள். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்று பாடிப் பெயர் எடுத்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு ஒத்துழைப்பும் குறைவில்லை. நம் சனங்கள் கண்டதும் வணக்கம் சொல்வதில்லை, நிறை சொல்வார்கள். கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள், போன திருவிழாவிலிருந்து இந்தத் திருவிழாவுக்கு நீ எவ்வளவு கூடினாய், எவ்வளவு குறைந்தாய் என்று தீர்ப்பு வந்துவிடும். குரலில் உண்மையான பாசம் இருக்கும். அதனால்தான் அதற்கு மறுமொழி சொல்லவும் வழியில்லை.

இப்போது, போன மாதம்வரை நான் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு சித்திரை வருடப்பிறப்பன்று உன் குசினியில் நாம் இரண்டு பேரும்தான் நின்றோம். நீ வடை பொரித்துக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: “மச்சான், எனக்கு இப்ப சாப்பாடு இறங்குதில்லை. ரெண்டு வாய் வைச்சா நெஞ்சுக்க நிக்குது. உடுப்பெல்லாம் லூசாப் போச்சு...”

“நல்லதுதானே!” என்றேன். “முப்பது வருசமா நான் கத்தினது கடவுளுக்கு இப்பதான் கேட்டிருக்கு.”

நீ சிரித்தாய். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்திச் சிரித்தாய். பிறகு வடையைப் புரட்டினாய். நீ இன்னும் ஏதோ சொல்ல வந்தாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். பகிடி நன்றாக விழுந்துவிட்ட சந்தோசத்தில் நான் ஹோலுக்குப் போய்விட்டேன், அங்கிருந்தவர்களுக்கும் அதைச் சொல்ல.

ஆனியில் ஒரு கலியாணவீடு. கத்தரிப்பூ நிறச் சேலையில் வந்தாய். கன்னத்து எலும்பு தெரிந்தது. பெண்கள் உன்னைச் சுற்றி வளைத்தார்கள்.

“என்னடி சாப்பிடுறாய், சொல்லன்! கீட்டோவோ?”

“ஒண்டுமில்லை அக்கா, சும்மா பசிக்கிறேல்லை.”

“குடுத்து வைச்சனி!”

நான் மைக்கை வாங்கி, “இண்டைக்கு எங்கட மச்சாளின்ரை பாதிதான் வந்திருக்கு, மிச்சம் பேந்து பஸ்ஸில வரும்” என்றேன். மண்டபம் கைதட்டியது. நீ அன்றுதான் படத்துக்கு முன்வரிசையில் நின்றாய். அதுவரை எந்தப் படத்திலும் யாராவது ஒரு பிள்ளையைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால்தான் நிற்பாய். அதையும் திவசத்துக்காக உன் படங்களைத் தேடியபோதுதான் கண்டுபிடித்தேன்.

ஆவணியில் டாக்டரிடம் போனாய். இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள், கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார்கள். ஏன் முந்திப் போகவில்லை என்று உன் மனுசன் இன்றைக்கும் எல்லோரிடமும் கேட்கிறார். முதன்முதலாக ஊரே வடிவு என்று சொல்கிற நேரத்தில், அதை நிறுத்தச் சொல்லி யார் டாக்டரிடம் போவார்கள்? அதுதானா காரணம்? நீ சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

திவசத்துக்கு வைக்கப் படம் எடுக்கத்தான் போன மாதம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் ஆரணி கதவைத் திறந்தாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் குழி. குசினியில் ஃபிரிட்ஜ் கதவிலே, கண் மட்டத்தில், அந்தக் கலியாணவீட்டுப் படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

“இதையே வைப்பம் சித்தப்பா. இதிலதான் அம்மா வடிவா, ஸ்லிம்மா இருக்கிறா.”

“இதை ஏன் பிள்ளை ஃபிரிட்ஜில ஒட்டினனி?”

“திறக்கேக்க பாக்கத்தான். அம்மாவால ஏலுமெண்டா என்னாலயும் ஏலும். இப்ப ஒருநேரம்தான் சாப்பிடுறன்.”

மச்சாள், நாங்கள் உன் வருத்தத்தை, உன் நோயைப் படம் பிடித்தோம்; அதைப் பார்த்து உன் பிள்ளை பட்டினி கிடக்கிறாள். எழுதிப் பிழைக்கிற எனக்குக்கூட இப்படி ஒன்றைக் கற்பனை பண்ண வராது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குசினி, வடை, இறங்காத சாப்பாடு, என் பகிடி.

“எப்ப சொன்னவ?”

“சித்திரை வருசத்துக்கு.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். “ஆவணி வரை நாலு மாசம். நாலு மாசம் உங்களுக்குத் தெரியும்.”

“ஓம்.”

“நீங்க போங்கோ சித்தப்பா.”

போனேன். அந்தப் பக்கத்து பஸ் நேரத்துக்கு வருவதில்லை. நின்றேன். மன்னிப்பாள் என்று எதிர்பார்த்து நான் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். எதிர்பார்த்தேன்.

அதன்பிறகு திவசத்தன்றுதான் அவளைக் கண்டேன். என்னோடு கதைக்கவில்லை. படையல் முடிந்து பந்தி நடந்தபோது, திவசத்துக்கு வந்திருந்த மணி அக்கா அவளுடைய கன்னத்தைத் தடவினா. “என்ன வடிவா மெலிஞ்சிட்டாய் பிள்ளை! அப்பிடியே அம்மாவை உரிச்சு வைச்சிருக்கு.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த இடத்தில் நான் ஒரு பகிடி விட வேண்டும் என்பது வழக்கம்.

“அக்கா, அவளின்ரை அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னனாங்கள்” என்றேன். “அது வருத்தம். நாங்கள் வருத்தத்துக்குக் கைதட்டினனாங்கள். நான் மைக் பிடிச்சுத் தட்டினனான். பிள்ளையை விடுங்கோ.”

சாம்பார் வாளியோடு நின்றவர் அப்படியே நின்றார். மணி அக்காவின் கண் கலங்கிவிட்டது. “நான் நல்லதாத்தானே தம்பி சொன்னன்?”

“நானும்தான், அக்கா.”

சாப்பிட்டவர்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். உன் மனுசன் எழும்பி வெளியே போனார். அவருக்கும் இனித்தான் நான் முழுதாகச் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஆரணி ஒரு தட்டோடு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். தட்டில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு சாப்பிட்டாள் என்று நான் பார்க்கவில்லை. பிள்ளையின் கவளங்களை எண்ணுவதும் அதே குற்றத்தின் மறுபக்கம்தான். “சித்தப்பா, எனக்கு இப்ப எழும்பேக்க தலை சுத்துது. மாசாமாசம் வாற மற்றதும் ரெண்டு மாசமா வரேல்லை...” என்று தொடங்கினாள். என் வாயில் மூன்று பகிடி வந்தன, மச்சாள். பழக்கம் அப்படி. மூன்றையும் விழுங்கிவிட்டு அவள் முடிக்கும்வரை இருந்தேன். நீண்ட நேரம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் நேரம் எடுத்திருக்கிறோம். நானும் கூடப் போகிறேன். அவள் உள்ளே என்ன சொல்கிறாள் என்று கேட்க மாட்டேன். சொன்னால் கேட்பேன். அதற்கடுத்த தரமும் போவேன், அவள் வேண்டாம் என்று சொல்லும்வரை போவேன். உனக்குக் கொடுக்காத காதை உன் பிள்ளைக்குக் கொடுக்கிறேன். இது ஈடு என்று நான் சொல்லவில்லை. நீயும் அப்படி எடுத்துக்கொள்ளாதே.

பகிடிக்கு இருந்த உரிமையை எடுத்துக்கொண்டு, கேட்பதற்கு இருந்த கடமையை மறந்த,
உன் மாமன் மகன்,
மச்சான்.