நவம்பர் வரை ஸ்வெட்டர்

செப்டம்பர் 4, திங்கள்

கார் கொட்டகைக்குச் சன்னல் வைத்துவிட்டார்கள். இனி அதைக் கொட்டகை என்று சொல்லக் கூடாதாம். பின்கட்டு. முற்றத்தைத் தாண்டினால் ஒரு அறை, ஒரு குளியலறை, மூலையில் சின்ன அடுப்பு. ஸ்பெயினிலிருந்து தெல்மா வந்து இருப்பதற்காக. எனக்கென்று இருப்பது அந்தத் தங்கை ஒருத்திதான். அவள் புருஷன் ராய் இறந்த பிறகு அவளுக்கும் நான் ஒருத்திதான். ஆனால் வருகிறேன் என்று மட்டும் அவள் வாயிலிருந்து வரமாட்டேன் என்கிறது. "பாக்கலாம், எனிட்" என்கிறாள்.

குழாய் வேலைக்கு ஹெஸ்லப் வந்து அளந்தார். அறையைச் சூடாக்க மூன்று வழி சொன்னார். சுவரில் மின்சார ஹீட்டர். வெளியே விசிறி வைத்த ஹீட் பம்ப். இல்லையென்றால் என் வீட்டு பாய்லரிலிருந்தே முற்றத்துக்கு அடியில் குழாய் இழுப்பது. "கடைசி சொன்னதுதான்" என்றேன், அவர் முடிப்பதற்குள். ஒரே குழாயில் இரண்டு வீடு. எனக்கு அது பிடித்திருந்தது.

செப்டம்பர் 5

அரை டப்பா சூப். நின்றுகொண்டே குடித்தேன். மீதி நாளைக்கு.

செப்டம்பர் 7, வியாழன்

தெல்மாவுக்கு போன் போட்டு குழாய் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"உன் பாய்லரா? அப்போ எனக்கும் நவம்பர் ஒண்ணாந்தேதிதான் விடியுமா?"

அப்பா போட்ட சட்டம் அது. நவம்பர் ஒன்றுக்கு முன் இந்த வீட்டில் பாய்லர் ஓடாது, சன்னலடியில் இருக்கும் ரேடியேட்டர் சூடாகாது. குளிர்ந்தால் ஸ்வெட்டர், அதற்கு மேல் குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர். இங்கே வடகோடியில், நார்தம்பர்லாந்தில், பாதி வீடுகளில் இப்படி ஒரு தேதி உண்டு, தேதிதான் மாறும். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பியதே இந்தக் குளிரிலிருந்து தப்பத்தான் என்று தெல்மா சொல்வாள். அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. சட்டத்தை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"எனக்குத் தனியா வேணும். தனி ஹீட்டர், தனி வெந்நீர். உன்கிட்ட வந்து கேட்டுட்டு நிக்கமாட்டேன்."

சரி என்றேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அது எனக்குத் தெரியாதா? தெரியும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

ஹெஸ்லப்பிடம் சொல்லிவிட்டேன்: மின்சார ஹீட்டர், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வெந்நீருக்கு ஒரு சின்ன டேங்க். "அக்கா தங்கச்சிக்குள்ள சண்டையா?" என்றார். இல்லை என்றேன். சண்டை என்றாலும் பரவாயில்லை, அதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

செப்டம்பர் 30, சனி

தெல்மா பார்க்க வந்திருக்கிறாள். வடக்குக் காற்று, மழை. பின்கட்டில் ஹெஸ்லப் ஒரு ஹீட்டர் மாட்டிக் காட்டினார். உள்ளே கதகதவென்று இருந்தது. அவள் கையை நீட்டிப் பார்த்தாள். விருந்தாளி என்பதால் ராத்தங்க என் வீட்டு முன்பக்கத்து நல்ல அறையைக் கொடுத்தேன். மூன்று கம்பளி, வெந்நீர்ப் பை. கோட்டைக் கழற்றாமலே தேநீர் குடித்தாள். ஒரு ஸ்வெட்டர் தரட்டுமா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

போய்விட்டாள். "எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் வாசலில். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அக்டோபர் 3, செவ்வாய்

போன் போட்டு நானே கேட்டுவிட்டேன். என்ன குறை, ஹீட்டர் போதாதா, வெந்நீர் போதாதா?

"அந்த ரூம்ல ஒரு குறையும் இல்ல. நான் அங்க சூடா உக்காந்திருக்கணும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் நீ வீட்டுக்குள்ள தொப்பி போட்டுக்கிட்டு நின்னு சூப் குடிக்கிறத சன்னல் வழியா பாத்துக்கிட்டு இருக்கணும். அதானே? அதுக்கு நான் இங்க ஸ்பெயின்லயே இருந்துடறேன்."

எனக்குக் குளிரவே இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத, எனிட்."

பொய்தான். குளிருது. வருஷம் பூரா குளிருது. யாருக்காக பாய்லரைப் போடறது — ஒரே ஒரு ஆளுக்காக இத்தனை ரேடியேட்டரா? அப்படித்தான் நினைச்சு நினைச்சு விட்டுட்டேன். அப்பா மேல ஏன் பழி போடணும்?

அக்டோபர் 4, புதன்

ஹெஸ்லப்பைக் கூப்பிட்டேன். ஹீட்டர் வேண்டாம், குழாயே இழுங்கள் என்றேன். வெந்நீர் டேங்க் மட்டும் இருக்கட்டும். என் அடுக்களையிலிருந்து சூடான தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விடும்.

"சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி? வீட்டுக்கு ஒண்ணு, அங்க ஒண்ணா?"

"ஒண்ணுதான். ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணு. அது அவ சுவர்ல இருக்கட்டும்."

தலையைச் சொறிந்தார். "முப்பது டிகிரி வச்சுட்டுத் தூங்கிட்டாங்கன்னா நீங்க இங்க வெந்து போவீங்க."

"போறேன்."

"உங்க அப்பா இருந்தா என்னைத் துரத்தியிருப்பாரு."

"என்னையும் சேர்த்துத்தான்."

சாயங்காலம் தெல்மாவிடம் போனில் சொன்னேன்.

"பெட்டி என் சுவர்லயா?"

"ஆமா."

"நீ தொடமாட்டியே?"

"தொடணும்னா முற்றத்தத் தாண்டி வந்து உன் கதவைத் தட்டணும்."

"தட்டாம வந்துடாத" என்றாள். பிறகு, எந்த விமானம் வசதி என்று கேட்டாள்.

அக்டோபர் 13

முற்றம் முழுக்கப் பள்ளம். ரோஜாச் செடி ஒன்று போயிற்று. போகட்டும்.

அக்டோபர் 21, சனி

தெல்மா வந்தாள். நான்கு பெட்டி. பின்கட்டில் திரைச்சீலை நிறம் சரியில்லையாம். வந்ததும் வராததுமாகச் சண்டை. களைப்பாக இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்றும் முந்தாநாளும் எழுதவில்லை. பேசவே நேரம் சரியாகப் போய்விட்டது.

இன்று விடியும் முன்பே விழிப்பு வந்தது. பழக்கத்தில் கை தானாக நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டருக்குப் போயிற்று. அப்போது சன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் டக், டக் என்றது. நவம்பர் பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நான் எதையும் தொடவில்லை. படுத்தபடியே கையை வைத்துப் பார்த்தேன், மெல்ல மெல்லச் சூடு ஏறியது.

தெல்மா எழுந்துவிட்டாள்.