நீங்களே கூப்பிட வேண்டிய நம்பர்

என்னங்க,

வலி கூடினால் நீங்களே கூப்பிடணும் என்றுதானே மூட்டுவலி டாக்டர் நம்பர் போட்ட அட்டை கொடுத்தார்? "அடுத்து வரச் சொல்லித் தேதியே தரல, எனக்குக் குணமாயிடுச்சு" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறீர்கள்!

நேற்று சட்டைப் பொத்தான் போட முடியாமல் திரும்பி நின்றீர்களே, அதைப் பார்த்துத்தான் கத்தினேன். அப்புறம் நானே அந்த நம்பருக்குப் பேசினேன். காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது என்று நர்ஸ் கேட்டார். இருபது வருஷமாகக் கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. "அவரையே பேசச் சொல்லுங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

இன்று பன்னிரண்டு மணிக்குள் கூப்பிடுங்கள், அதுவரைதான் நர்ஸ் போன் எடுப்பாராம். என்னிடம் மறைத்தது போதும், அவரிடமாவது உள்ளதைச் சொல்லுங்கள்.

பி.கு.: சாப்பாட்டு டப்பா எதையும் இறுக்கி மூடவில்லை, லேசாகத் தொட்டாலே திறக்கும். கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.