உங்கள் மகள் தொட்ட கால்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
மாசி மாதம்.

அன்புள்ள செல்லியம்மாள் அக்காவுக்கு,

கமலாட்சி வணக்கத்துடன் எழுதுகிறேன். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடமிருந்து குவைத்துக்குக் கடிதம் வந்தால் பெற்ற மனம் பதறும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகள் ஷாரோன் நன்றாக இருக்கிறாள். இன்று காலையில்கூட எங்கள் தெருவில் அவள் யாரையோ அதட்டுகிற குரல் கேட்டது.

நீங்கள் வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் பேச முடியும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்த நேரம் உங்கள் இருவருக்கும் உரியது, அதில் நான் குறுக்கிடக் கூடாது. உங்கள் ஊர்க்காரர் ஆனந்தராஜ் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பீர்கள் என்று கேள்விப்பட்டதால் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். நிதானமாகப் படியுங்கள்.

நாங்கள் பட்டுத்தறி நெய்கிறவர்கள். நானும் என் வீட்டுக்காரர் சிவராஜும் மாறி மாறித் தறியில் உட்காருவோம். எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதித்தால்தான் நீளவாட்டில் கட்டிய பாவு இழைகள் திறந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓட வழி கிடைக்கும். கால் இல்லாவிட்டால் கை இருந்தும் பயனில்லை.

ஐப்பசி மழையில் ரங்கசாமி குளம் பக்கம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தது தெரியவில்லை. வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. வீட்டுக்கு வருவதற்குள் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு உடையவில்லை, எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார் பாதி கிழிந்திருக்கிறது என்றார்கள். கட்டுப் போட்டுக்கொண்டேன். வீக்கம் வடிந்ததும் மெதுவாக நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. தரையில் கால் பட்டாலே மறுபடி மடங்கிவிடும் என்று தோன்றும். கட்டைப் பிரித்த பிறகும் காலை ஊன்றாமலே இருந்தேன். கால் மரக்கட்டையாக இறுகிப்போனது. அடுப்படிக்கும் தறிக்கும் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போவேன். தெருக்கதவைச் சாத்தியே வைத்திருப்பேன், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.

எதிர்வீட்டு ராமலிங்கத்துக்குப் பக்கவாதம். அவருக்குப் பிசியோதெரபி பயிற்சி கொடுக்க ஷாரோன் அரசாங்க வண்டியில் வந்து போவாள். ஒருநாள் காற்றில் எங்கள் கதவு திறந்துகொண்டது. நான் தரையில் நகர்ந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, "ஆன்ட்டி, உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

எங்களோடு என் நாத்தனார் வள்ளி அக்கா இருக்கிறார். வயதில் பெரியவர், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "நீ யாரு பெத்த பொண்ணுமா? எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல அக்கா. உங்கள் மகளுக்கும் தெரியும். அவள் குனியவில்லை, முகமும் மாறவில்லை. "திருமுக்கூடல் பக்கம்மா. எங்க தாத்தா அடுத்தவங்க நெலத்துல கூலி வேல செஞ்சாரு. எங்கம்மா குவைத்துல வீட்டு வேல செஞ்சி என்னப் படிக்க வெச்சாங்க. அவங்க பேரு செல்லியம்மாள்" என்றாள். அப்படித்தான் உங்கள் பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

வள்ளி அக்கா அடுப்படிக்குள் போய்விட்டார். ஷாரோன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களால் அழுத்திப் பார்த்தாள். "கிழிஞ்சது எப்பவோ ஆறிடுச்சி ஆன்ட்டி. இப்ப ஸ்டிஃப் ஆயிருக்குது, அவ்ளோதான். பயந்துக்கினு அசைக்காம வெச்சா இன்னும் இறுகும்" என்றாள். அவ்வளவு நாளில் என் பயத்தைப் பயம் என்று சொன்னது அவள் ஒருத்திதான்.

அதன் பிறகு எதிர்வீட்டுக்கு வரும்போதெல்லாம் இங்கேயும் வந்தாள். துண்டைப் பாதத்தில் மாட்டி என் பக்கம் இழுக்கச் சொல்வாள். கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதச் சொல்வாள். 'ஃ' வரைக்கும் எழுதி முடிப்பதற்குள் கெண்டைக்கால் நடுங்கும். கிழிந்த சைக்கிள் ட்யூபைக் கதவில் கட்டி, அதைப் பாதத்தால் இழுக்க வைத்தாள். பிறகு சுவரைப் பிடித்து நிற்பது, சுவரை விடுவது, ஒற்றைக் காலில் நிற்பது. அடுப்படி நிலைக்குப் பின்னாலிருந்து வள்ளி அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் திரும்பினால் மறைந்துவிடுவார்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. ஒருநாள் படியில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். உயிர் போகிற வலி. "வலி எனக்குத்தானே, உனக்கா? இனிமே இங்க வராத" என்று கத்திவிட்டேன். அவள் துண்டை மடித்துப் பையில் வைத்தாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"எங்கம்மா அந்த வீட்டுல நாள் முழுக்க நின்னுக்கினே வேல செய்றாங்க ஆன்ட்டி. கால் வீங்குதுன்னு போன்ல சொல்வாங்க. இதுக்குன்னே படிச்சிட்டு, என்னால அவங்க காலத் தொட முடியல. வெறுமனே போன்ல கேட்டுக்கினு இருக்கேன். உங்க கால் என் கை எட்டுற தூரத்துல இருக்குது. அத விட்டுட்டுப் போகச் சொல்றீங்க" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதது நான்தான். திரும்பப் படியில் ஏறி நின்றேன்.

தை பிறந்து பொங்கல் முடிந்த பிறகு ஒரு காலையில், தறியில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து எனக்கு இடம் விட்டார். குழிக்குள் காலை இறக்கினேன். மிதிக்கட்டை குளிர்ந்திருந்தது. மிதித்தேன். பாவு திறந்தது. நாடாவை ஓட்டவேண்டும் என்பதே எனக்கு மறந்துபோய், திறந்த இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போனார். "அந்தப் பொண்ணுக்கு என்ன கைம்மாறு செய்யப் போறோம்?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீங்கள் சிரிப்பீர்கள். வள்ளி அக்காவுக்கு ரொம்ப நாளாக இடது தோளைத் தூக்க முடியாது. கொண்டை போடவே கஷ்டப்படுவார். யாரிடமும் சொல்லமாட்டார். ஒருநாள் அடுப்படிச் சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். ராமலிங்கத்துக்கு ஷாரோன் சொல்லிக்கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பழகியிருக்கிறார். ஷாரோன் அதைக் கண்டுபிடித்து, "அப்பிடி இல்லம்மா, தோள ஒசத்தாதீங்க, கை மட்டும் போகட்டும்" என்றாள். வள்ளி அக்கா சுவரிலிருந்து கையை இறக்கினார். பிறகு வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினார். ஷாரோன் இரண்டு கைகளாலும் அந்தத் தோளைப் பிடித்தாள். முடிந்ததும் வள்ளி அக்கா எழுந்து, "கை கழுவிக்கினு வாம்மா, சாப்பாடு ஆறுது" என்று சொல்லி அடுப்படியில் தனக்குப் பக்கத்தில் இலை போட்டார். எங்கள் வீட்டு அடுப்படியில் வெளியார் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று சாப்பிடும்போது அவள் உங்களைப் பற்றித்தான் பேசினாள். "இப்ப நான் சம்பாதிக்கிறேன், வந்துடும்மான்னா, உன் கல்யாணம் முடியட்டும்னு சொல்றாங்க" என்றாள். வாடகை அறையில் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறாள். குறையாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், அவ்வளவுதான்.

அக்கா, நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் நடக்கிற காலத்தில் நடக்கும். அதற்குள் உங்கள் மகள் வேலை செய்கிறதை நீங்கள் ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும். அவள் கைபிடித்துப் பழக்கிய பிறகு ராமலிங்கம் வாசல்வரை வந்து நிற்கிறார். நீங்கள் அங்கே நின்று செய்த வேலையெல்லாம் இங்கே எங்கள் தெருவில் நடமாடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குத் தெரிகிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் ஏகாம்பரநாதரையும் உங்கள் கர்த்தரையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது. வீக்கம் இருந்தால் இரவில் தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுங்கள், அங்கே ஒரு டாக்டரிடமும் காட்டுங்கள். லீவு கேளுங்கள் அக்கா. அவர்கள் கொடுக்கிற நாளை ஷாரோனிடம் சொல்லுங்கள். விமான நிலையத்துக்கு அவளோடு நானும் வருவேன். நீங்கள் வெளியே வருகிறவரை நின்றுகொண்டே இருப்பேன், எவ்வளவு நேரமானாலும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
கமலாட்சி