பலகையில் ஏறிய அம்மிக்கல்

அன்புள்ள பாவாயிக்கு,

செங்கோடன் எழுதுவது. ஆமாம், இதை நானே எழுதுகிறேன்! இங்கே பையன்களிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சத்தீஸ்கரில் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் போர்வெல் வண்டிப் பையன்கள் போனில் எகிப்து பிரமிடு பார்த்தார்கள்.

"இது மனுசன் கட்டுனதில்லீங்க அப்பாரு. ஆகாசத்துல இருந்து வந்தவங்க கட்டுனது" என்றான் டிரில்லர் குமரகுரு.

"அட போ சாமி! சாய்வா ஒரு பலகையும் அடியில உருளையும் இருந்தா மலையே ஏறும்" என்றேன்.

"எங்கீங்க, ஏத்திக் காட்டுங்க!"

சமையலுக்குக் கொண்டுவந்த நம் அம்மிக்கல்லை உருண்டை விறகுகள் மேல் வைத்து, பலகை வழியாக லாரிக்குத் தள்ளினேன். பாதிக்கு மேல் ஏறிவிட்டது, பாவாயி! எல்லோரும் கைதட்டினார்கள். சந்தோஷத்தில் நானும் கைதட்டிவிட்டேன். கல் சறுக்கி விழுந்து இரண்டாகிவிட்டது.

கல்யாணத்தன்று நீ கால் வைத்த கல். மனசு ஆறவில்லை. துண்டுகளை என் வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். குழவிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் அடியில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து வரும் வண்டியில் கொஞ்சம் புளியும் ஒரு வேட்டியும் கொடுத்துவிடு. உலை பொங்குகிறது, முடிக்கிறேன். போனில் மட்டும் திட்டாதே, பையன்கள் கேட்டுச் சிரிப்பார்கள். மகள் ரஞ்சனியிடம் சொல்லி எழுதச் செய். எத்தனை பக்கம் திட்டினாலும் நானே படித்துக்கொள்வேன்.

செங்கோடன்